இருநூற்றுப் பதினேழாம் கல்

"கடவுளால தன்னாலயே தூக்க முடியாத ஒரு கல்ல உண்டாக்க முடியுமா, முடியாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்கண்ணே."

மேஸ்திரி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கல்லு எத்தனை டன்?"

"எடையப் பத்திப் பேச்சில்ல."

"எடை தெரியாம நான் எந்தக் கல்லப் பத்தியும் பேசறதில்ல."

மேஸ்திரியின் மனைவி சிரித்துவிட்டார். "திங்கிற நேரத்துல என்ன கல்லுப் பேச்சு? நேத்தே சோத்துல ஒண்ணு கெடந்துச்சுன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாரு."

"அதத்தான் அண்ணி நானும் சொல்றேன். அண்ணனால தூக்க முடியாத கல்லு உங்க சோத்துல மட்டுந்தான் இருக்கு."

கேள்வி கேட்டவர் மேஸ்திரியின் தம்பி. நாற்பது வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எதற்கும் வாதாடுவதால் தளத்தில் எல்லோருக்கும் அவர் வக்கீல். கல்லில் கொக்கி மாட்டுவதும், இறங்கும் கல்லைக் கீழே நின்று இடம் பார்த்து உட்கார வைப்பதும் அவர் வேலை.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கடல் இறங்கியிருக்கும்போதுதான் அலைதடுப்புச் சுவரின் கீழ்வரிசையில் வேலை செய்ய முடியும். அதனால் அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தைக் கடல்தான் முடிவு செய்தது. ஒரு வாரம் விடியலில், அடுத்த வாரம் பத்து மணிக்கு. பாத்திரங்களின் மேல் எப்போதும் மெல்லிய சிமெண்டுத் தூசி இருக்கும். துடைத்துவிட்டுத்தான் பரிமாறுவார்கள்.

நான் அந்த வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். சுவரின் மட்டங்களை அளந்து புத்தகத்தில் குறிப்பது என் வேலை. என் மனைவி இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. சாப்பாடு அவர்களோடுதான்.

"முடியும்னு வைங்க. அப்ப அவரால தூக்க முடியாத ஒண்ணு இருக்கு. முடியாதுன்னு வைங்க. அப்ப அவரால செய்ய முடியாத ஒண்ணு இருக்கு. எப்படிப் போனாலும் மாட்டிக்கிட்டாரா இல்லையா? சார், நீங்க படிச்சவரு, சொல்லுங்க."

"தெரியலைங்க" என்றேன்.

"அவர் உண்டாக்குவாரு. அப்புறம் தூக்கவும் தூக்குவாரு" என்றார் மேஸ்திரி.

"தூக்கிட்டா அது தூக்க முடியாத கல்லே இல்லையே! அப்ப அவர் அத உண்டாக்கவே இல்லையே!"

மேஸ்திரியின் மருமகள் குழம்புச் சட்டியோடு வந்தாள். வக்கீல் தட்டின் மேல் கைவிரல்களை முட்டியாக மடக்கிக் காட்டினார். தளத்தில் 'நிறுத்து' என்பதற்கு அதுதான் சைகை. அவள் கரண்டியை அந்தரத்தில் அப்படியே நிறுத்தினாள். அவர் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் முட்டியை எடுக்கவில்லை.

"கை வலிக்குது சின்ன மாமா."

"விதின்னா விதி."

அவள் உதட்டோரம் லேசாகச் சிரித்தாள். மேஸ்திரி எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அந்த விதியைப் பற்றி வக்கீல்தான் எனக்குச் சொல்லியிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கல் பாதி உயரத்தில் தொங்கியபோது மேஸ்திரியின் மகன் கீழேயிருந்து "நிறுத்து" என்று கத்தியிருக்கிறான். மேஸ்திரி பார்த்தார். அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கையைத் தூக்கினார். அந்தத் தளத்தில் அவர் கை தூக்கினால் கிரேன் தூக்கும். கையை விரித்துக் கீழே காட்டினால் இறக்கும். இன்ஜினியர் நேரில் வந்து நின்றாலும் கிரேன்காரர் அவர் கையைத்தான் பார்ப்பார். அன்றும் பார்த்தார். வடம் அறுந்தது.

மகனின் காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று மேஸ்திரி மருமகளைக் கூப்பிட்டு கிரேனின் பக்கவாட்டில் எழுதச் சொன்னார். வார்க்கிற கற்களுக்கெல்லாம் எண் எழுதுகிறவள் அவள்தான். நல்ல கையெழுத்து. 'யார் நிறுத்து என்றாலும் நிறுத்து. நிறுத்தியவர் சொல்லும்வரை தூக்காதே.' எழுதி முடித்துவிட்டுக் கேட்டாளாம், "மேஸ்திரி சொன்னாலும்னு போடட்டுமா மாமா?" அவர், "போடு" என்றாராம்.

அதற்குப் பிறகு அவரிடம் அவள் தேவைக்கு மேல் பேசியதில்லை. சாப்பாடு ஆச்சு. தண்ணி காயுது. அவ்வளவுதான்.

*

எட்டரை மணிக்குக் கடல் ஏற ஆரம்பித்திருந்தது. காற்று கொஞ்சம் கூடியிருந்தது. கீழ்வரிசைக்கு அன்று கடைசிக் கல் இருநூற்றுப் பதினேழு. பதினெட்டு டன். உட்கார வைத்து, கொக்கியைக் கழற்றிவிட்டு வக்கீல் திரும்பினார். அதற்கு அடியில் இருந்த கல் ஒரு பக்கம் அமுங்கியது. பெரிய சத்தம்கூட இல்லை. ஒரு பழைய கதவைச் சாத்துகிற மாதிரி. இருநூற்றுப் பதினேழு ஒரு முழம் சரிந்து நின்றது. வக்கீலின் வலது கால் கணுக்காலுக்கு மேலே வரை அதற்கும் பக்கத்துக் கல்லுக்கும் நடுவில் இருந்தது.

அவர் கத்தவில்லை. உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பலாக இருந்தது.

"அண்ணே, கால மாட்டிக்கிட்டேன்" என்றார், சாவியை மறந்துவிட்டேன் என்பது போல.

தண்ணீர் அவர் இடுப்புக்குக் கீழே இருந்தது. நான் அளவுகோலை அவர் பக்கத்தில் நட்டேன். பத்து நிமிடத்துக்கு அரைச் சாண் ஏறிக்கொண்டிருந்தது.

ஜாக்கி வைத்துப் பார்த்தார்கள். அடிக்கல் நிலையாக இல்லை, ஜாக்கி வழுக்கியது. ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லிவிட்டார்கள். வர ஒரு மணி நேரமாகும். மறுபடி கொக்கியை மாட்டித் தூக்குவதைத் தவிர வழியில்லை. மேஸ்திரியே இறங்கி, கல்லின் தலையில் பதித்திருந்த இரும்பு வளையத்தில் கொக்கியை மாட்டினார். மேலே வந்தார். விசிலை ஊதினார். கையைத் தூக்கினார்.

வடம் விறைத்தது. கல் ஒரு விரல் அளவு எழும்பியது.

"நிறுத்து!"

மருமகள். சுவரின் விளிம்பில், ஒரு கையில் பெயிண்டு டப்பா, மறு கை முட்டி மடங்கித் தலைக்கு மேலே.

கிரேன் நின்றது. கல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

"என்னம்மா?" என்றார் மேஸ்திரி.

"வளையத்துக்கு அடியில கோடு மாதிரி இருக்கு. சுத்திலும்."

மேஸ்திரி குதித்து இறங்கிப் போய்ப் பார்த்தார். நானும் போனேன். கோடு இருந்தது. மயிரிழைதான். அவர் விரலால் தேய்த்தார். கொஞ்சம் கறுப்புப் பெயிண்டு விரலில் வந்தது. எண் எழுதும்போது அவள் தூரிகையே பட்டிருக்கலாம். ஈரம் ஏறி நின்ற தடமாக இருக்கலாம். விரிசலாகவும் இருக்கலாம். வளையம் பிடுங்கிக்கொண்டு வந்தால் கல் மொத்தமும் வக்கீல் மேல் விழும்.

"பெயிண்டும்மா" என்றார்.

"பெயிண்டா இருக்கலாம்."

"பெயிண்டுதான்."

"அன்னைக்கும் ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னீங்க."

அந்த இரண்டு வருஷத்தில் அன்று நடந்ததைப் பற்றி அவள் அவரிடம் பேசிய முதல் வாக்கியம் அதுவாக இருக்கும். சுற்றி நின்றவர்கள் கடலைப் பார்த்தார்கள்.

வக்கீல் கீழேயிருந்து, "என்ன பஞ்சாயத்து அங்க? எனக்கு இங்க வேலை இல்லாம இருக்கு" என்றார். தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. அலை அடிக்கும்போது நெஞ்சைத் தொட்டது.

மேஸ்திரி மேலே ஏறினார். மருமகளைப் பார்க்கவில்லை. நேராகக் கிரேனைப் பார்த்து நின்று கையைத் தூக்கினார்.

கிரேன்காரர் லீவரிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார்.

"தூக்குடா."

"அவங்க இன்னும் சொல்லலண்ணே."

"அந்த விதியப் போட்டவன் நான். இப்ப நான் எடுக்கறேன். தூக்கு."

"நீங்க எடுத்தா எடுத்ததுதான். இல்லைங்கல. நீங்க சொன்னா இந்தத் தளத்துல ஆகாதது என்ன இருக்கு?" கிரேன்காரர் தலைமேல் வைத்த கைகளை எடுக்கவில்லை. "ஆனா இன்னைக்கு எடுத்துட்டா, அது என்னைக்குமே இருந்ததில்லைன்னு ஆயிடும்ண்ணே. உங்களுக்கு வேண்டாத வரைக்கும் இருந்த விதி, அவ்வளவுதான். அன்னைக்குப் பையன் கத்தினப்பவும் நான் இதே சீட்டுலதான் இருந்தேன். உங்க கையப் பாத்தேன். தூக்கினேன். ரெண்டு வருஷமா நான் ஒழுங்காத் தூங்கல."

"அங்க கெடக்கிறது என் தம்பிடா!"

"தெரியும்."

மேஸ்திரியின் கை மேலேயே இருந்தது. அந்தக் கைக்கு அடியில் எதுவும் அசையாமல் நான் பார்த்தது அன்றுதான். காற்றில் அவர் சட்டை மட்டும் அடித்துக்கொண்டது.

"அண்ணே" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "காலையில கேட்ட கேள்விக்கு இப்பவாவது பதில் சொல்லிட்டுத் தூக்குங்க. இல்லைன்னா தூக்கிட்டுச் சொல்லுங்க. எனக்கு ரெண்டும் சம்மதம்." பிறகு குரல் மாறியது. "குளிருதுண்ணே."

மேஸ்திரி கையை இறக்கினார்.

மருமகளிடம் போனார். அவள் முட்டி இன்னும் தலைக்கு மேலேயே இருந்தது. அதை இறக்கலாம் என்பது அவளுக்கு மறந்துபோன மாதிரி இருந்தது.

"நீதான் சொல்லணும்மா. தூக்குன்னு சொல்லு."

"வாய் வரல மாமா."

"தண்ணி ஏறுது."

"தெரியுது. தூக்குன்னு சொல்லி வளையம் பிடுங்கிக்கிட்டா நான் கொன்னேன். சொல்லாம இருந்தாலும் நான்தான் கொன்னேன்." அவள் அழவில்லை. பற்கள் மட்டும் அடித்துக்கொண்டன. "நீங்க எப்படி மாமா தினம் சொன்னீங்க?"

அவர் கீழே தம்பியைப் பார்த்தார்.

"என்ன செஞ்சா உனக்குச் சொல்ல வரும்? அதச் சொல்லு."

அவள் கல்லைப் பார்த்தாள். "வயித்துல ரெண்டு வடம் போட்டா. வளையம் விட்டாலும் வடம் பிடிக்கும்."

"அதுக்குக் கல்லுக்கு அடியில ஆள் போகணும்."

"ஆமா."

தொங்குகிற கல்லுக்கு அடியில் யாரும் போகக் கூடாது. அது கிரேனில் எழுதப்படாத, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த விதி. கடல் பக்கம் கல் சரிந்திருந்ததால் ஒரு ஆள் படுத்து நுழைகிற இடைவெளி இருந்தது. அங்கிருந்து வடத்தின் முனையை அந்தப் பக்கம் தள்ள வேண்டும். இரண்டு முறை. தண்ணீருக்குள்ளே.

"நான் போறேன்" என்று இரண்டு பேர் சொன்னார்கள். மேஸ்திரி அதைக் காதில் வாங்கவில்லை. சட்டையைக் கழற்றினார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றினார். இருபத்தைந்து வருஷமாக அங்கேயே கிடந்ததால் அதற்கு அடியில் தோல் வெளுத்திருந்தது. அதை மருமகளின் கையில் வைத்தார்.

"இனி நீ பாத்துக்க."

"மாமா..."

"மேல எனக்கு ஒரு வேலையும் இல்லம்மா."

*

முதல் வடம் போக எட்டு நிமிடம். அவர் மூழ்குவார், வெளியே வந்து மூச்சு வாங்குவார், மறுபடி மூழ்குவார். கிரேன்காரர் லீவர் பக்கம் கையே கொண்டுபோகவில்லை, தும்மினால்கூட ஆபத்து என்பது போல. முதல் வடத்தைக் கையால் இழுக்கும் சங்கிலிக் கப்பி போட்டு இறுக்கி அதே கொக்கியில் மாட்டினோம்.

வக்கீலுக்குத் தண்ணீர் மார்பில் இருந்தது.

"சார்" என்று என்னைக் கூப்பிட்டார். "உங்க கோல எடுத்துடுங்க. அதப் பாத்தாத்தான் பயமா இருக்கு."

எடுத்துவிட்டேன்.

"அண்ணே, நீங்க அடியில இருக்கும்போது அவ பாட்டுக்குத் தூக்குன்னு சொல்லிட்டா?"

"சொல்லமாட்டா."

"எப்படித் தெரியும்?"

"தெரியாது." மேஸ்திரி மூழ்கினார்.

இரண்டாவது வடம் ஒரு கல்லில் சிக்கிக்கொண்டது. எடுத்து மறுபடி விட வேண்டியிருந்தது. அது மாட்டி முடித்தபோது தண்ணீர் வக்கீலின் தாடையில் இருந்தது. ஒவ்வொரு அலைக்கும் வாயை மூடிக்கொண்டார். அந்தச் சமயத்தில்தான் மேஸ்திரியின் மனைவி சாப்பாட்டுத் தூக்குச் சட்டியோடு வந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கையில் எடுத்ததைக் கீழே வைக்கத் தோன்றாமல் அப்படியே ஓடி வந்திருக்கிறார். மருமகளின் பக்கத்தில் வந்து நின்றார்.

"வெளிய வாங்க மாமா" என்று மருமகள் கத்தினாள். "நீங்க வெளிய வந்தாத்தான் சொல்லுவேன்."

மேஸ்திரி தம்பிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். இரண்டு கைகளாலும் தாடையைப் பிடித்துத் தலையைத் தன் தோள்மேல் சாய்த்துக்கொண்டார். கல் அவர்கள் இருவருக்கும் மேலே சாய்ந்து நின்றது.

"நான் வந்துட்டா இவன் தலைய யார் பிடிக்கிறது?"

"மாமா!"

அவர் அவளைப் பார்த்தார். கையைத் தூக்கவில்லை, தலையை அசைக்கவில்லை. சைகையாக எடுத்துக்கொள்ளக்கூடிய எதையுமே செய்யாமல் இருந்தார். அப்படி இருப்பது அவருக்கு எவ்வளவு பாடாக இருந்தது என்று கழுத்து நரம்பில் தெரிந்தது.

ஒரு அலை வந்து வக்கீலின் மூக்கை மூடிப் போனது. அவர் இருமினார்.

மருமகள் முட்டியை மெதுவாக இறக்கினாள். விசிலை வாயில் வைத்தாள். சத்தம் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. விசிலைத் துப்பினாள்.

"தூக்கு" என்றாள். பிறகு கத்தினாள். "தூக்கு! மெதுவா! தூக்கு!"

கல் எழும்பியது. ஒரு விரல். நாலு விரல். ஒரு சாண். மேலேயிருந்து கையகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து மேஸ்திரியின் முதுகில் பட்டுத் தண்ணீரில் விழுந்தது. ஆட்கள் இருவரையும் இழுத்தார்கள். கல்லைத் தனியாக இறக்கி வைத்தார்கள்.

மருமகள் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெயிண்டு டப்பா இன்னும் கையில் இருந்தது. மாமியார் அதை அவள் விரல்களிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.

*

வக்கீலின் வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள். டாக்டர் மேஸ்திரியிடம், "இன்னும் அரைமணி நேரம் முன்னால வெளிய எடுத்திருந்தா ஒருவேளை காப்பாத்தியிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். மருமகள் அப்போது கதவருகே நின்றிருந்தாள்.

என் மனைவி இறந்த அன்று என்னிடமும் ஒரு டாக்டர் அதே மாதிரி ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார். ஒரு மணி நேரம் என்றார். அதை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நாலாம் நாள் இன்ஜினியர் தளத்துக்கு வந்தார். இருநூற்றுப் பதினேழு ஓரமாகக் கிடந்தது. தலையில் சில்லு பெயர்ந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது.

"வளையத்துல மட்டும் கொக்கி போட்டு ஒரு தடவை தூக்கிப் பாத்துடலாம்" என்றார் இன்ஜினியர். "அஞ்சு நிமிஷ வேலை. தாங்குதா இல்லையான்னு தெரிஞ்சுடும். நான் அறிக்கை எழுதணும்."

"அந்தச் சில்லு வடம் உரசியும் பெயர்ந்திருக்கலாம் சார்" என்றார் மேஸ்திரி.

"அதுக்குத்தான் பாக்கலாங்கறேன்."

"பாத்து?"

"தெரிஞ்சுக்கலாம்."

"தெரிஞ்சு என்ன சார் செய்வீங்க?"

இன்ஜினியர் சிரித்தார். "என்ன மேஸ்திரி இது? விரிசல்னா அந்தப் பொண்ணு ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கு. நல்ல பேருதானே?"

"விரிசல் இல்லைன்னா?"

இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பக்கம் மருமகள் புதிதாக வார்த்த கற்களுக்கு எண் எழுதிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் தூரிகை அசையவில்லை.

"மதியம் பாத்துக்கலாம்" என்று இன்ஜினியர் ஆபீசுக்குப் போனார்.

மேஸ்திரி என்னிடம் வந்தார். "சார், சுவருல இப்ப ரொம்ப ஆழமான இடம் எது?"

புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன். முனைத் திருப்பம். கடலடி மண்ணில் தோண்டிய குழி. தண்ணீர் மட்டத்திலிருந்து ஆறு மீட்டர். அதற்கு மேலே ஐந்து வரிசைக் கற்கள் வரும்.

"எப்ப மூடறாங்க?"

"நீங்க சொல்றப்ப."

அவர் இருநூற்றுப் பதினேழின் வயிற்றில் இரண்டு வடம் போடச் சொன்னார். வளையத்தைத் தொடவில்லை. கையைத் தூக்கினார். கிரேன்காரர் ஒருமுறை அவரைப் பார்த்தார், ஒருமுறை மருமகளைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றிருந்தாள். முட்டியை மடக்கவில்லை. கல் எழும்பியது. மேஸ்திரி அதை அந்தரத்திலேயே புரட்டச் சொன்னார். வளையம் கீழே பார்க்க, கல் தலைகீழாகத் தண்ணீருக்குள் போனது. உட்கார்ந்தபோது குமிழிகள் வந்தன. அடுத்த கல்லை உடனே அதன்மேல் வைத்தார். அதற்கடுத்ததையும் வைத்தார். அன்று யாரும் சாப்பிடப் போகவில்லை. மதியம் இன்ஜினியர் திரும்பி வந்தபோது இருபத்திரண்டு கற்கள் போயிருந்தன.

"எங்க மேஸ்திரி அந்தக் கல்லு?"

"வேலை நிக்கக் கூடாதேன்னு போட்டுட்டேன் சார்."

இன்ஜினியர் நீண்ட நேரம் தண்ணீரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

*

இரண்டு மாதம் கழித்து வக்கீல் ஊன்றுகோலோடு சாப்பிட வந்து உட்கார்ந்தார். காலை வேளை. அவரைக் கிடங்கில் உட்கார்ந்து வடம் சரிபார்க்கும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். இளைத்திருந்தார். வாய் இளைக்கவில்லை.

"அண்ணி, ஒரு செருப்பு மிச்சம். யாருக்காவது வேணும்னா சொல்லுங்க."

"வாயக் கழுவுங்க முதல்ல" என்றார் அண்ணி. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மருமகள் சோறு போட்டாள். வக்கீல் இரண்டு வாய் சாப்பிட்டார்.

"ஆமா, கேக்க மறந்துட்டேன். அந்தக் கல்லு என்ன ஆச்சு? வளையத்தச் சோதிச்சாங்களா?"

மருமகளின் கை கரண்டியோடு நின்றது. இந்தத் தடவை யாரும் முட்டியைக் காட்டவில்லை.

"வச்சாச்சு" என்றார் மேஸ்திரி.

"எங்க?"

"முனையில. அடி வரிசை."

"அப்படின்னா எடுத்துப் பாத்துடலாமே. உங்க கிட்ட கிரேன் இருக்கு, ஆள் இருக்கு. நீங்க மனசு வச்சா..."

"என்னால முடியாது" என்றார் மேஸ்திரி.

அந்த வீட்டில் பத்து மாதம் சாப்பிட்டிருக்கிறேன். அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் மனைவியும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். பாத்திரத்தை வைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்.

வக்கீல் வாயைத் திறந்தார். அண்ணனைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். இருநூறு கேள்வி இருந்திருக்கும் அந்த வாயில். மூடிக்கொண்டார். தட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"போடும்மா" என்றார். "நிறுத்துன்னு நான் சொல்லல."

அவள் போட்டாள். பிறகு மேஸ்திரியின் தட்டைப் பார்த்தாள்.

"உங்களுக்கு மாமா? நீங்க எதுவுமே சாப்பிடலையே. குழம்பு நல்லா இல்லையா? இன்னைக்கு உப்பு குறைச்சுத்தான் போட்டேன்."

அவர் தட்டை நீட்டினார்.

கடல் இறங்கிக்கொண்டிருந்தது. நான் கை கழுவிவிட்டு அளவுகோலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.